ஒரே நொடியில் ஏழு லாட்

1. நின்ற திரை

கன்ட்ரோல்-க்யூவை அழுத்தியது என் விரல். உறைந்து நின்ற திரை உடனே மளமளவென்று ஓடியது. அது ஓடி நின்றபோது ஏழு லாட் ஏலக்காய், அதை விளைவித்தவர்களை ஒரு வார்த்தை கேட்காமலேயே விற்றுப் போயிருந்தது.

குமுளியில் ஏலக்காயை ஏலம் விடும் தனியார் நிறுவனம் ஒன்றின் கணினிப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இந்தச் சம்பவம் போன சீசனில் நடந்தது. இப்போதும் யாராவது விசைப்பலகையில் வேகமாகத் தட்டினால் என் தலை அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். அதைவிட, எழுதாமல் இருக்க முடியவில்லை என்பதால்.

எங்கள் வேலை முறையை முதலில் சொல்ல வேண்டும். ஏலத்தில் ஒரு லாட்டுக்கு, அதாவது ஒருவர் கொண்டுவந்து வைத்த சரக்குக்கு, அதிகபட்ச விலை விழுந்துவிட்டால் மட்டும் விற்பனை முடியாது. சரக்குக்காரர் சம்மதிக்க வேண்டும். 'இந்த விலைக்கு வேண்டாம், அடுத்த ஏலத்துக்கு வைங்க' என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. ஏலம் முடிந்ததும் எங்கள் ஆபரேட்டர்கள் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுக் கேட்பார்கள். டெர்மினலில் லாட் எண், எடை, விலை வரும். கீழே 'சம்மதமா?' என்ற கேள்வி. ஒய் (Y) அடித்து என்டர் தட்டினால் விற்பனை. என் (N) அடித்தால் சரக்கு திரும்ப ஸ்டோருக்கு. அடித்ததை மாற்ற முடியாது. அந்தப் புரோகிராமை எழுதியவள் நான்.

2. பக்கத்து வீட்டுப் பெண்

பிளசி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. காரணம் அவளிடம் இல்லை. தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்களுக்கு அடுத்த வீடு அவர்களுடையது. என் மகள் ஜெனியும் அவளும் ஒரே வகுப்பு. ஜெனி எப்போதும் ஒரு படி மேலே. கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முடித்தாள். பிளசி கம்பத்தில் பி.சி.ஏ. படித்தாள், தினமும் பஸ்ஸில் மலை இறங்கி ஏறி. படிப்பு முடிந்து இரண்டு வருடமாக ஜெனி வீட்டில் இருக்கிறாள். இன்டர்வியூவுக்குப் போவாள், வருவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். அந்த நேரத்தில் பிளசி எங்கள் ஆபீஸுக்கே வந்து சேர்ந்தாள்.

"எஸ்தர், நம்ம பிளசிக்கு உங்க ஆபீஸ்லயே கெடச்சிருச்சு. நீ இருக்கிய, எனக்கு ஒரு பயமும் இல்ல" என்று அவள் அம்மா ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சிரித்தேன். அன்று பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை.

புதிதாக வரும் ஆபரேட்டர்களுக்கு முதல் நாளே நான் ஒன்று சொல்லிக் கொடுப்பேன். நீளமான லாட் பட்டியல் திரையில் ஓடும்போது கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் நிற்கும், வாசித்துவிட்டு கன்ட்ரோல்-க்யூ அழுத்தினால் மறுபடி ஓடும். பிளசிக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். பி.சி.ஏ. படித்தவளுக்குத் தெரியாதா, தெரியாவிட்டால் வந்து கேட்கட்டும் என்று இருந்தேன்.

அவள் கேட்கவில்லை. மேனேஜர் தாமஸ் சார் தன் மலையாளம் கலந்த தமிழில், "நல்ல ஷார்ப் குட்டியாணு கேட்டோ. ஒரு வாரத்துல எல்லாம் படிச்சிட்டா" என்று என்னிடமே வந்து சொன்னார். என் மகளின் விண்ணப்பம் ஆறு மாதமாக அவர் மேசை டிராயரில் கிடந்தது.

3. ஒய், என்டர்

அன்று பிளசி முதல் முறையாகத் தனியாகச் சம்மதம் வாங்க உட்கார்ந்தாள். முதல் விவசாயி சம்மதித்தார். ஒய் அடித்தாள். கல்லூரியில் எதை டைப் செய்தாலும் சேமிப்பதற்காகக் கன்ட்ரோல்-எஸ் அழுத்திப் பழகிய கை. இங்கேயும் அழுத்திவிட்டு என்டர் தட்டினாள்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். நாம் அழுத்தும் விசை நேராகப் புரோகிராமுக்குப் போவதில்லை. நடுவில் இயங்குதளத்தின் டெர்மினல் டிரைவர் இருக்கிறது. அடித்த எழுத்தைத் திரையில் காட்டுவது, பேக்ஸ்பேஸ் அடித்தால் அழிப்பது, என்டர் வரும்வரை வரியைப் பிடித்து வைத்திருப்பது எல்லாம் அதன் வேலை. கன்ட்ரோல்-எஸ்ஸையும் அதுவே பிடித்துக்கொள்கிறது. புரோகிராமுக்கு அப்படி ஒரு விசை வந்ததே தெரியாது. திரைக்குப் போகும் எழுத்துகள் அந்த இடத்தில் நின்றுவிடும்.

பிளசியின் முதல் ஒய் பதிவாகிவிட்டது. அடுத்த லாட்டைக் காட்டப் புரோகிராம் முயன்றது, முடியவில்லை. திரையில் பழைய லாட்டே நின்றது. என்டர் விழவில்லை என்று நினைத்து அவள் மறுபடி ஒய், என்டர். அடித்த எழுத்தும் திரையில் வரவில்லை. மறுபடி ஒய், என்டர்.

எதிர் மேசையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஆகியிருக்கிறது என்று முதல் தட்டலிலேயே தெரிந்துவிட்டது. எழுந்து போக நான்கு எட்டு வைத்தால் போதும். போகவில்லை.

"சாரே, இது ஹேங் ஆயிருச்சு" என்றாள் அவள், தாமஸ் சாரைப் பார்த்து. என்னைப் பார்த்து அல்ல. அவர் வந்தார். மற்ற ஆபரேட்டர்களும் எட்டிப் பார்த்தார்கள். அவருக்கும் புரியவில்லை. எல்லோரும் கூடிய பிறகுதான் நான் எழுந்தேன்.

"பி.சி.ஏ.ல இதெல்லாம் சொல்லித் தரலியா தாயி?" என்று கேட்டுக்கொண்டே ஒற்றை விரலால் கன்ட்ரோல்-க்யூவை அழுத்தினேன்.

திரை நிற்பதுதான் என் நினைவில் இருந்தது. அடிக்கும் எழுத்துகள் உள்ளே போகும் வழி நிற்பதில்லை என்பதை மறந்துவிட்டேன். இருபத்திரண்டு ஆண்டு அனுபவம், அந்தப் பெருமிதத்தில் மறந்துவிட்டேன். முதல் ஒய்க்குப் பிறகு அவள் அடித்த ஏழு ஒய்யும் டிரைவரின் வரிசையில் காத்திருந்தன. வழி திறந்ததும் புரோகிராம் அடுத்த கேள்வியைக் கேட்டது, பதில் தயாராக இருந்தது. அதற்கடுத்த கேள்வி, அதற்கும் பதில். ஏழு லாட்.

4. கையெழுத்து

பத்து நிமிடத்தில் போன்கள் அலறின. எங்கள் புரோகிராம் விற்பனையான உடன் விவசாயிக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிடும். முதலில் கூப்பிட்டவர் அணக்கரை முருகையா அண்ணாச்சி.

"ஏ தாயி, யாரக் கேட்டு எஞ்சரக்கக் குடுத்திய? இந்த வெலைக்கு நான் குடுப்பனா? கீழ விழுந்த காயப் பொறுக்கியா கொண்டாந்தேன்?"

தாமஸ் சார் பிளசியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்தது.

"ஏழு தடவ ஒய் அடிச்சது நீதானே?"

"ஆமா சார். ஆனா அது ஒரே லாட்டுக்குத்தான்..."

"ஒரே லாட்டுக்கு எந்தினா ஏழு ஒய்?"

அதற்கான பதில் இருந்தது என்னிடம் மட்டும்தான். அவள் பையை எடுத்துக்கொண்டு அறைக்கு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பயிற்சிக் காலத்தில் இருப்பவளை அனுப்ப ஒரு தாள் போதும். நான் கழிப்பறைக்குப் போய் ஜெனிக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: 'உன் சர்ட்டிபிகேட்டெல்லாம் எடுத்து வை. இங்க ஒரு எடம் வரும்போல.'

அந்தப் பெண் அப்போது ஆபீஸ் வாசலைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

சரக்கை வாங்கிய போடி வியாபாரிகளிடம் தாமஸ் சார் பேசினார். எங்கள் ஏல விதியில், இயந்திரக் கோளாறு என்றால் விற்பனையை ரத்து செய்யலாம். ஆபரேட்டர் தவறு என்றால் விற்றது விற்றதுதான். வியாபாரிகள் கேட்டது கோளாறு இல்லை என்று ஒரே ஒரு தாள். மதியம் மூன்று மணிக்கு அதை அச்சடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"எஸ்தர், சிஸ்டத்துல கொழப்பம் ஒண்ணும் இல்லைன்னு ஒரு ஒப்பு இடணும். அப்புறம் நான் அந்தக் குட்டியோட காரியம் பாத்துக்கிறேன்."

அதுவரை வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்கு எளிதாக இருந்தது. பேனாவைத் திறந்து என் பெயருக்கு நேரே வைத்தபோதுதான் முடியவில்லை. எல்லாம் நேரத்தோடு பதிவாகும் லாக் பைலைத் திறந்து அவருக்குக் காட்டினேன். ஏழு சம்மதமும் ஒரே நொடியில் பதிவாகியிருந்தன.

"சார், ஒரு நொடியில ஏழு லாட்டப் படிச்சுப் பதில் சொல்ல எந்த மனுசனாலயும் ஆகாது. கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி வந்த பதில இந்தப் புரோகிராம் வாங்கியிருக்கு. வாங்காம இருக்க நான் எழுதியிருக்கணும். எழுதல. கன்ட்ரோல்-க்யூவை அழுத்துனதும் நான்தான்."

அவர் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "எஸ்தருக்கு இது காலையில அறியாம இருந்ததா?"

பேனாவை மூடி வைத்தேன்.

ஐந்து லாட் திரும்பி வந்தன. இரண்டு லாட்டை அதற்குள் வியாபாரி மற்ற சரக்கோடு கொட்டிக் கலந்துவிட்டார். காலையிலேயே சொல்லியிருந்தால் அவையும் சாக்கில் அப்படியே இருந்திருக்கும். அதில் ஒன்று முருகையா அண்ணாச்சியுடையது. நேரில் போய்ச் சொன்னேன். டீ கொடுத்தார். பிறகு, "மிஷினு பண்ணிட்டுன்னு சொல்லுதிய. மிஷினுக்குப் பொறத்தால நீங்கதான இருக்கிய?" என்றார்.

5. அறிக்கையில் இல்லாதது

புரோகிராமை அந்த வாரமே திருத்தினேன். இப்போது ஒவ்வொரு கேள்விக்கு முன்பும், அதுவரை அடித்துக் காத்திருக்கும் எழுத்துகளையெல்லாம் டிரைவரின் வரிசையிலிருந்து கொட்டிவிடுகிறது. ஒய் மட்டும் போதாது, லாட் எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தையும் அடிக்க வேண்டும். திரும்பப் பெற முடியாத ஒரு கேள்வியை உங்கள் புரோகிராம் கேட்கிறது என்றால், பதில் அந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு வந்ததுதானா என்று உறுதிசெய்யுங்கள். தொழில்நுட்பப் பாடம் இவ்வளவுதான்.

பிளசி வேலையில் இருக்கிறாள். நடந்ததைப் பற்றி நிறுவனத்துக்கு நான் அறிக்கை கொடுத்த மறுநாள் பஸ் ஸ்டாண்டில் என் பக்கத்தில் வந்து நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"சித்தி, நான் ஒய் ஒய்யுன்னு தட்டிக்கிட்டு இருந்தப்ப நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?"

"ஆமா."

"அது ஏன்னு உங்களுக்கு அப்பவே தெரியும்லா?"

"தெரியும்."

பஸ் வந்தது. அவள் ஏறி முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால் உட்கார்ந்தேன். தன் அம்மாவிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த ஞாயிறு அவர் என் கையைப் பிடித்திருக்க மாட்டார்.

ஜெனிக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. பிளசி புதிதாக ஏதாவது கற்றுக்கொண்டு தாமஸ் சாரிடம் பாராட்டு வாங்கும்போது இன்றும் எனக்குள் சுருக்கென்று குத்துகிறது. அது போய்விட்டது என்று எழுத மனசாட்சி இடம் தரவில்லை. ஆனால் அவள் திரை நின்றால் நான் எழுந்து போகிறேன், யாரும் கூடுவதற்கு முன்பே. நான்கு எட்டுத்தான்.

நிறுவனத்துக்குக் கொடுத்த அறிக்கையில் 'காரணம்' என்ற பகுதியில் புரோகிராமின் குறையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். அதில் ஒவ்வொரு வரியும் உண்மை. காரணத்தில் பாதிதான் அது. மீதிப் பாதியை இங்கே எழுதியிருக்கிறேன்.