ஹட் பேயில் விலைபோகாத லாரி

அன்று லாரியைச் சுற்றி நின்றது அப்பா, அம்மா, நான், போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் வந்திருந்த பழைய இரும்பு வியாபாரி. வராதவர் அக்கா புருஷன். அவர்தான் போனிலேயே விலை பேசி அந்த ஆளை எங்கள் தீவு ஊரான ஹட் பேக்கு அனுப்பியவர்.

அப்பா வேலை பார்த்த செம்பனைத் தோட்டம், பாமாயில் எடுக்கும் பனை, மூடிய பிறகு அவர் வாங்கிய பெட்ரோல் லாரி அது. வாழைத்தாரும் பாக்கும் கப்பல் நிற்கும் ஜெட்டிக்கு ஏற்றித்தான் நாங்கள் சாப்பிட்டோம். என் காலேஜ் ஃபீஸும் அதில்தான். மழை பிடித்ததிலிருந்து காலையில் ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச தூரத்தில் நிற்கும், பிறகு எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் பிடிக்காது. வியாபாரியை ஜெட்டியிலிருந்து ஏற்றி வந்தபோதும் எங்கள் வாசலில் நின்றுவிட்டது.

"கார்புரேட்டர் கதம், முடிஞ்சுபோச்சு. மெயின்லேண்ட்லயே கிடைக்காது. இரும்பு எடைக்குத்தான் எடுப்பேன்," என்றார் அவர்.

"திறந்து பார்த்தீங்களா?" என்றேன்.

"நீ படிச்ச புள்ள. ஆபீஸ்ல ஃபேன் கீழ உட்காரு பேட்டா."

அப்பாவுக்கும் அதே எண்ணம். "கைய வைக்காத தம்பி. இதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?"

"இதுக்கும்தாம்பா."

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எஞ்சினோடு ஒட்டிப் பிடித்தேன். அம்மா சாவியைத் திருப்ப, நீலமாகப் பொறி வந்தது; கரண்டில் குறையில்லை. கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டர் கம்பியை இழுத்தேன், பெட்ரோல் பீய்ச்சவில்லை. பெட்ரோல் தேங்கும் அடிக்கிண்ணத்தைக் கழற்றினால் காய்ந்து கிடந்தது. பெட்ரோலை உள்ளே விடும் ஊசி தாராளமாக ஏறி இறங்கியது, அதைப் பீய்ச்சும் ஜெட் துளையிலும் அடைப்பில்லை. கார்புரேட்டர் பட்டினி, அவ்வளவுதான். குழாயைப் பிடித்தபடியே டேங்க் வரை போனேன்.

டேங்க் மூடிமேல் பாலிதீன் பை, அதைச் சுற்றி சைக்கிள் டியூப் ரப்பர் இறுக்கிக் கட்டியிருந்தது. அவிழ்த்து மூடியைத் திருகியதும் 'உஸ்'ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. மூடியின் காற்றுத் துளையைப் பை அடைத்து, காற்று உள்ளே போக வழியில்லாத டேங்கிலிருந்து பெட்ரோல் எப்படி வெளியே வரும்? ராத்திரியெல்லாம் மெல்லக் கசிந்து ஏறிய காற்றில்தான் காலையில் கொஞ்ச தூரம் ஓடியிருக்கிறது.

"மழைத்தண்ணி எறங்கிடக் கூடாதுன்னு நான்தான் கட்டுனேன்," என்றார் அப்பா.

வியாபாரி சிரித்தார். "நீங்களே அது மூச்ச நிறுத்திட்டீங்களா பெரியவரே?"

"என் வண்டி. கட்டுவேன், அவிழ்ப்பேன். உமக்கென்ன?"

எல்லாம் பூட்டி செல்ஃபை நீளமாக அடித்தேன். இருமி, கறுப்பாகத் துப்பி, பிடித்துக்கொண்டது. "காலையிலயும்தான் பிடிச்சுது, நிக்கும் பாரு," என்றார் வியாபாரி. அவரையே பக்கத்தில் உட்காரவைத்து ஜெட்டி வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். லாரி எங்கும் நிற்கவில்லை. இறங்கியதும் அவர் கணக்குக் கேட்டார்: கப்பல் டிக்கெட், சாப்பாடு, ஒரு நாள் கூலி.

"வரச் சொன்னது மருமகன். இருந்தாலும் டிக்கெட்டும் சாப்பாடும் தர்றோம். கூலி கெடையாது, லாரியும் கெடையாது," என்றாள் அம்மா.

அவருக்கு அறுநூறு, நான் கழற்றும்போது கிழிந்த கார்புரேட்டர் பேக்கிங்குக்கு அறுபது. ஆக, லாரி எங்களிடமே தங்கியதற்குச் செலவு அறுநூற்று அறுபது ரூபாய்.