மோகனூர் அக்காவுக்குப் போட்ட கையெழுத்து

மோகனூரில் ஒரு அக்கா இன்டர்நெட் லைன் நடத்திவந்தார். அதற்குப் பாதுகாப்புச் செய்து தருகிறேன் என்று வலியப் போய், கடைசியில் அதை இழுத்து மூட வைத்துவிட்டு வந்தவள் நான். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கே இதைச் சொன்னாலும், "நல்ல எண்ணத்துலதானே செஞ்சீங்க" என்று யாராவது ஆறுதலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த ஆறுதலைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

நான் நெட்வொர்க் இன்ஜினியர். அம்மாப்பேட்டை வீட்டில் உட்கார்ந்தபடி வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் என்னிடம் போனைக் கொடுத்து வைஃபை போட்டுத் தரச் சொல்வார்கள். அவர்களைப் பொறுத்தவரை என் படிப்புக்கு அதுதான் உபயோகம்.

இன்டர்நெட் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் பலருக்குத் தூக்கம் வராது. ஒவ்வொரு நெட்வொர்க்கும் பக்கத்து நெட்வொர்க்கிடம், "இந்த முகவரிகளெல்லாம் என்னிடம் இருக்கின்றன, அவற்றுக்கு வருவதை என் பக்கம் அனுப்பு" என்று அறிவிக்கும். பக்கத்தில் இருப்பது அதை நம்பி அடுத்ததற்குச் சொல்லும். அவ்வளவுதான். யாரோ ஒருவர் தவறுதலாகவோ திருட்டுத்தனமாகவோ அடுத்தவர் முகவரியைத் தன்னுடையது என்று சொன்னால், உலகம் அதையும் நம்பி அங்கே அனுப்பிவிடும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. முகவரிக்குச் சொந்தக்காரர், "இவை என்னுடையவை, இந்த எண்ணுள்ள நெட்வொர்க் சொன்னால் மட்டும் நம்புங்கள்" என்று பொதுப் பதிவேட்டில் ஒப்பமிட்டு வைக்கலாம். நாங்கள் அதைக் கையெழுத்து என்றே சொல்வோம். பெரிய நெட்வொர்க்குகள் பல அந்தப் பதிவேட்டைப் பார்த்து, கையெழுத்தோடு ஒத்துப்போகாத அறிவிப்பைத் தள்ளிவிடும். பத்து நிமிட வேலை, செலவும் கிடையாது. ஆனாலும் எங்கள் பக்கத்துச் சின்ன ஆபரேட்டர்கள் யாரும் போட்டிருக்கவில்லை.

உலகம் முழுக்க இதற்காகச் சம்பளமில்லாமல் அலைகிற இன்ஜினியர்கள் உண்டு. சேலம், நாமக்கல் பக்கத்துக்கு நாங்கள் இரண்டு பேர். இன்னொருவர் செவ்வாய்ப்பேட்டைக்காரர், மளிகை மொத்த வியாபாரம் செய்கிற பாய் வீட்டுப் பிள்ளை. குடும்பமே கடையில் இருக்க, இவர் மட்டும் தப்பி ரூட்டர் பக்கம் வந்தவர். நிதானமான மனிதர். நான் அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய காரில் ஊர் ஊராகப் போவோம்.

மேச்சேரியில் ஒருவர் எங்களை இன்சூரன்ஸ் பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்துப் பின்வாசல் வழியே நழுவிவிட்டார். கெங்கவல்லியில் ஒருவர் முக்கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதப் போட்டா ஸ்பீடு ஏறுமா மேடம்?" என்றார். ஏறாது என்றேன். அப்புறம் எதற்கு என்பதுபோல் நண்பரைப் பார்த்தார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே வந்தேன். இந்த ஜனங்களுக்கு எதுவும் உறைக்காது என்று எனக்கு அப்போது ஒரு நினைப்பு.

முதன்முதலில் சரி என்று சொன்னவர் மோகனூர் அக்காதான். வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போனால் திரும்ப வாரக்கணக்காகும். கேபிள் டிவி காலத்திலிருந்தே தொழில் அக்கா கையில்தான். ஒரு மாடியறை, அதில் ரூட்டர்கள் அடுக்கிய இரும்பு அலமாரி, ஏசி, காலையில் அந்த அலமாரிக்கும் சேர்த்து ஊதுபத்தி. நாங்கள் சொன்னதில் பாதி அவருக்குப் புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"இத்தன தூரம் நமக்காக வந்திருக்கறீங்க. போட்டுட்டுப் போங்க சாமி" என்றார்.

அவருடைய நிலைமையை அன்றைக்கே சொன்னார். பெரிய கம்பெனி ஒன்றின் ஃபைபர் ஏற்கெனவே அவர் வீதிக் கம்பங்களில் தொங்க ஆரம்பித்திருந்தது. வீடுகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அக்காவைத் தாங்கி நிறுத்தியவை கோழிப்பண்ணைகள். அவற்றில் பெரிய பண்ணை, அக்காவுக்குப் பெரியப்பா முறையாகிற ஒருவருடையது. அவர் எந்த லைன் வைத்திருக்கிறாரோ அதைத்தான் சுற்றுவட்டாரப் பண்ணைகள் எல்லாம் வைத்திருக்கும்.

"அவரு ஒருத்தரு நம்மகிட்ட இருக்கற வரைக்கும் ஒண்ணும் பயமில்லீங்க கண்ணு. அவரு போயிட்டாருன்னா கதவச் சாத்திட்டு ஊட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றார்.

அக்காவின் கணக்கைத் திறந்து கையெழுத்தைப் போட உட்கார்ந்தேன். அவரிடம் ஆயிரத்துச் சொச்சம் முகவரிகள் ஒரே கட்டாக இருந்தன. அந்தக் கட்டு முழுதாக அறிவிக்கப்பட்டால் மட்டும் செல்லும் என்று போடலாம். அதைத் துண்டாக்கி அறிவித்தாலும் செல்லும் என்றும் போடலாம். நண்பர், "துண்டுக்கும் சேத்துப் போட்டுருவோமா? இவங்க எப்பவாவது பிரிப்பாங்களோ என்னமோ" என்றார். திருடர்கள் பெரும்பாலும் துண்டு வழியாகத்தான் வருவார்கள், ஏனென்றால் முழுக்கட்டைவிடத் துண்டு அறிவிப்புக்குத்தான் இன்டர்நெட் முதலிடம் கொடுக்கும் என்று அவருக்கே நான் பாடம் எடுத்தேன். செய்வதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்றேன். முழுக்கட்டுக்கு மட்டும் போட்டேன்.

"பிரிப்பீங்களாக்கா?" என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. ரூட்டர் ஆபரேட்டருடையது, ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்பது ஈரோட்டிலோ கரூரிலோ இருக்கிற ஒரு கான்பிகரேஷன்காரருக்கு மட்டும்தான் தெரியும். ஒரே ஆள் இருபது ஊருக்குப் பார்ப்பார். லைன் போனால் அவருக்குப் போன், அவர் இருந்த இடத்திலிருந்தே உள்ளே புகுந்து ஏதோ செய்வார், லைன் வரும். என்ன செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. இருபது வருட அனுபவக்காரி நான். இந்த வழக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்த ஆளுக்கு ஒரு போன் போடத் தோன்றவில்லை. அக்காவிடம் ஆங்கிலத்தில் ஒரு பக்கக் குறிப்பு மட்டும் அச்சடித்துக் கொடுத்தேன். அவர் அதைப் பத்திரமாகக் கண்ணாடி உறை போட்டு அலமாரியில் ஒட்டிவைத்தார்.

அடுத்த சித்திரையில், ரோடு அகலப்படுத்துகிற ஜேசிபி, அக்காவுக்கு இன்டர்நெட் தருகிற இரண்டு கம்பெனிகளில் முதல் கம்பெனியின் லைனை வெட்டிவிட்டது. புதிதில்லை, வருடத்துக்கு நாலு தடவை நடப்பதுதான்; கையெழுத்துப் போட்ட பிறகு இதுதான் முதல் தடவை. கான்பிகரேஷன்காரர் வழக்கம்போல் உள்ளே புகுந்து இரண்டாவது லைனுக்கு மாற்றினார். மாற்றுகிற அவர் முறை இதுதான்: லைன் அறுந்தது தெரியாமல் முதல் கம்பெனி முழுக்கட்டை அறிவித்துக்கொண்டே இருக்கும், அதனால் கட்டை நாலு துண்டாக வெட்டி இரண்டாவது லைனில் விடுவார். துண்டுக்கு முதலிடம் என்பதால் பாதை உடனே மாறிவிடும். கெட்டிக்காரத்தனமான முறை. வருடக்கணக்காக வேலை செய்த முறை.

இந்தத் தடவை வேலை செய்யவில்லை. பதிவேட்டைப் பார்க்கிற நெட்வொர்க்குகள் எல்லாம் துண்டுகளைத் திருட்டு என்று தள்ளிவிட்டு, அறுந்துபோன லைனுக்கே அனுப்பிக்கொண்டிருந்தன. பார்க்காத நெட்வொர்க்குகள் ஒழுங்காக நடந்துகொண்டன. அதனால் அக்காவின் வாடிக்கையாளர்களுக்குச் சில ஆப்கள் வேலை செய்தன, சில செய்யவில்லை. முழுதாகப் போயிருந்தால் யாராவது தோண்டிப் பார்த்திருப்பார்கள். இப்படிப் பாதி வேலை செய்யவும் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள்.

இரண்டாம் நாள் அக்கா எனக்குப் போன் செய்தார். நான் சென்னையில் இருந்தேன். எங்களைப் போன்ற தன்னார்வலர்களின் கூட்டம், அதில் நான் பேச வேண்டும். என் பேச்சின் நாலாவது ஸ்லைடில் மோகனூர் அக்காவின் மாடியறைப் படம் இருந்தது. சிற்றூர் ஆபரேட்டரையும் சம்மதிக்க வைக்க முடியும் என்பதற்கு அவர்தான் என் உதாரணம்.

"ஏனுங்க கண்ணு, லைன் ஒரு மாதிரி இருக்குது. பண்ணைல கேமராவே வரலீங்கறாங்க. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுதுங்களா?"

"ஃபைபர் கட்டுன்னு சொன்னாங்கல்லக்கா, அதான். ஒட்டுனாச் சரியாயிரும்" என்றேன். கையெழுத்து சரியாக ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற பக்கம் அந்த நேரம் என் லேப்டாப்பில் திறந்தே இருந்தது, பேச்சில் காட்டுவதற்காக. அக்காவின் நெட்வொர்க் எண்ணை அதில் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். தட்டவில்லை. கைதட்டல் நன்றாக இருந்தது.

அன்று மதியம் வெயில் கொளுத்தியது. பெரியப்பாவின் பண்ணையில் ஒரு ஷெட்டுக்குத் தண்ணீர் தூவுகிற மோட்டார் நின்றுவிட்டது. அந்த மாதிரி சமயத்தில் அக்காவின் லைன் வழியாக அவர் போனில் அலாரம் அடிக்கும். அவர் ராசிபுரத்தில் ஒரு காதுகுத்து விருந்தில் இருந்தார். அலாரம் வர வேண்டிய பாதையில்தான் என் கையெழுத்து நின்றுகொண்டிருந்தது. வேலையாட்கள் சாப்பிட்டு எழுந்து வந்து பார்ப்பதற்குள் அந்த ஷெட்டில் கோழிகள் செத்துக் கிடந்தன.

மூன்றாம் நாள் ரயிலில் திரும்பி வரும்போது, சும்மா பொழுது போகாமல் அந்தப் பக்கத்தில் அக்காவின் நெட்வொர்க் எண்ணைத் தட்டினேன். நாலு துண்டும் சிவப்பில் வந்தன: செல்லாது, செல்லாது, செல்லாது, செல்லாது. ரயிலில் உட்கார்ந்தபடியே துண்டுகளுக்கும் சேர்த்துக் கையெழுத்தை மாற்றினேன். பத்து நிமிட வேலை என்று எல்லோரிடமும் சொல்வேன் இல்லையா, பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சேலம் வந்து சேர்வதற்குள் லைன் சரியாகிவிட்டது.

மறுநாள் நண்பரும் நானும் மோகனூர் போனோம். அக்காவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், உண்மையைச் சொன்னால் அதற்காகத்தான் போனேன். அவர் திட்டவில்லை. அவருக்கு வேறொரு நம்பிக்கை வந்துவிட்டது.

"அப்ப என்ற மேல தப்பில்லீங்கல்ல? இத நீங்களே வந்து பெரியப்பாகிட்ட சொல்லோணுங்க. படிச்சவங்க சொன்னா அவரு கேப்பாரு" என்றார். முகம் தெளிந்து, புடவை மாற்றிக்கொண்டு வந்து காரில் ஏறினார்.

பண்ணை வாசலில் பெரிய கம்பெனியின் ஆட்கள் ஏணி சாத்தி வயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர்களைப் பார்க்காததுபோல் உள்ளே நடந்தார். பெரியப்பா எங்களை உட்காரச் சொல்லி மோர் கொடுக்கச் சொன்னார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. நான் முதலிலிருந்து சொன்னேன். முகவரி, அறிவிப்பு, கையெழுத்து, துண்டு. தப்பு முழுக்க என்னுடையது, அக்காவுக்கு இதில் ஒன்றும் தெரியாது என்றேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கெங்கவல்லிக்காரருக்கு உறைக்கவில்லை என்று திட்டினேனே, இவருக்கு ஒரே தடவையில் உறைத்தது.

"செரிங்க. திருட்டுப் போகாம இருக்கறதுக்குத்தான் பூட்டுப் போட்டீங்க. இதுக்கு முந்தி எங்க லைன்ல அந்த மாதிரி திருட்டு எத்தன தடவ நடந்துதுங்க?"

நான் நண்பரைப் பார்த்தேன். அவர் மோர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடந்ததில்லீங்க" என்றேன்.

"ஒருக்காக்கூட இல்லீங்களா?"

"இல்லீங்க."

உலகத்தில் வேறெங்கெல்லாமோ நடந்திருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்டது மோகனூரைப் பற்றி. அவர் அக்காவைப் பார்த்து, "உன்ற மேல எனக்கு வருத்தமில்ல சாமி. ஆனா இன்னொருக்கா என்னால முடியாது" என்றார். வெளியே ஏணியை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

அக்காவின் பெயரைக் காப்பாற்றிக் கொடுக்கப் போய், அவர் இழந்தது எதற்காக என்பதை அவர் முன்னாலேயே வைத்துச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். இல்லாத திருடனுக்காக. மாடியறைக்கு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"அந்தக் கையெழுத்த எடுத்துருங்க கண்ணு."

"இப்பச் சரி பண்ணிட்டேன்க்கா. இனிமே இப்படி ஆகாது. இருந்தா உங்களுக்குப் பாதுகாப்புதான்."

"எடுத்துருங்க."

எத்தனை ஊர்களில் எத்தனை பேரிடம் வாதாடியிருக்கிறேன். அன்று கணக்கைத் திறந்து, நீக்குகிற பொத்தானை அழுத்தினேன். திரையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பி நின்றது.

"என்னங்க கேக்குது?" என்றார் அக்கா, என் தோளுக்குப் பின்னால் நின்றபடி.

"நிச்சயமான்னு கேக்குதுக்கா."

"ஆமான்னு போடுங்க" என்றார். போட்டேன்.