# குறிக்குப் பின்னால் இருந்தது

குற்றமற்ற ஒரு பெண்ணைத் திருடி என்று சொல்லி வேலையை விட்டு அனுப்ப வைத்தேன். கணிதப் பேராசிரியராக ஓய்வுபெற்றபின் நான் செய்த காரியம் இது.

ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டி ஒன்றுக்கு நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். மண்டியில் சாக்கின்மேல் சரக்கு வந்த ஊரின் பெயர், #, எண் என்று மையால் எழுதுவார்கள். கன்னிவாடி#7 என்பதுபோல. அதைக் கணினியில் பதிந்தால் லாரி ஓட்டுநருக்கு ஒரு இணைப்பு போகும். திறந்தால் சுமை போக வேண்டிய ஊர் தெரியும்.

கன்னிவாடி முருங்கைக்காய் மட்டும் ஊர் மாறிப் போய்க்கொண்டிருந்தது. பதிந்த பெண்ணும் கன்னிவாடி. அது போதும் எனக்கு. அவள் யாருடன் போனில் பேசுகிறாள் என்று கவனித்தேன். அவள் சிரித்தால்கூடச் சந்தேகப்பட்டேன்.

"நான் சரியாத்தான் சார் பதியிறேன். தொறந்தா வேற வருது" என்றாள்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? எந்த வியாபாரிக்கும்மா வேலை பாக்குறே?" சுமை தூக்குவோர் அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன். அன்றே முதலாளி அவளை நிறுத்திவிட்டார்.

அவள் போனபின்னும் சுமைகள் மாறின. நானே ஒன்றைப் பதிந்து திறந்தேன். திரையில் வேறொருவர் சுமை வந்தது. இணைய முகவரியைப் பிரித்துத் தரும் லைப்ரரி, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல், எதையும் சரியாகப் பிரித்துவிடும் என்று நம்பியிருந்தேன். அதுவும் சரியாகத்தான் பிரித்தது. இணைய முகவரியில் #க்குப் பின்னால் இருப்பது பக்கத்துக்குள் ஓர் இடத்தைக் காட்டுவது. அது சர்வருக்குப் போகாது. #ஐ %23 என்று மாற்றி எழுதியிருக்க வேண்டும். நான் சாக்கின் குறியை அப்படியே இணைப்பில் ஒட்டிவிட்டேன். எண் இல்லாமல் ஊர்ப்பெயர் மட்டும் போக, அவ்வூரின் முதல் சுமை வந்து நின்றது. மற்ற ஊர்களிலிருந்து நாளுக்கு ஒரு சுமைதான் என்பதால் பிழை தெரியவில்லை.

திருத்திவிட்டு முதலாளியிடம் சொன்னேன். பிறகு கன்னிவாடிக்குப் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"மொதலாளிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேம்மா."

"தூக்குறவங்க முன்னாடி?"

மறுநாள் காலை அவர்கள் முன்னால் நின்று சொன்னேன். "அப்ப திருடுனது நாலு கோடுங்களா, சார்?" என்றார் ஒருவர், சாக்கிலிருந்த #ஐக் காட்டி. எல்லோரும் சிரித்தார்கள். நான் அங்கேயே நின்றேன்.

முதலாளி திரும்பக் கூப்பிட்டும் அவள் வரவில்லை. ஒரு மாதம் கழித்துத் தன் தோட்டத்து முருங்கைக்காய்ச் சாக்குகளோடு மண்டிக்கு வந்தாள்.

"இணைப்பத் தொறங்க, நான் பாக்கணும்."

திறந்து காட்டினேன். ஒவ்வொரு சாக்கையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தாள். முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.