ஆமீன் கேட்கும் பாறைகள்

அரபுப் பாலைவனத்துப் பாறைகளில் பழங்காலத்து வழிப்போக்கர்கள் கீறிவிட்டுப் போன வரிகளைப் புகைப்படத்தில் படித்து, குர்ஆன் வசனங்களோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. குற்றாலத்தில் ஒரு வாடகை வீட்டு மாடியில் உட்கார்ந்து செய்கிறேன். சாரல் காலத்தில் இங்கே துணியும் காயாது, மனுஷனும் காயமாட்டான். அப்போது பாலைவனத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு வசதி.

அந்தக் கால அரபு எழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி கிடையாது. ஒரே கீறலை 'ப' என்றும் படிக்கலாம், 'த' என்றும் 'ந' என்றும் படிக்கலாம். தென்காசி வீட்டில் ஒரு நாள் வாப்பாவிடம் ஒரு படத்தைக் காட்டி, இந்த வசனத்தில் ஒரு சொல் நாம் ஓதுவதுபோல் இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். வாப்பா பழக்கடைக்காரர். குர்ஆனில் பாதிக்கு மேல் அவருக்கு மனப்பாடம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"ஏலே, வெட்டினவன் மனப்பாடத்துல இருந்து வெட்டிருப்பான். அவன் மறதிய வச்சு நீ வேதத்தை அளக்குதியா?"

எனக்குச் சுருக்கென்றது. பழம் விற்கிறவருக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன். அவர் எழுந்து போனார். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. டவுன் பஸ்ஸில் கால் மணி நேரத் தூரம்தான். பெருநாளுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். வெட்கக்கேடு என்னவென்றால், அவர் சொன்ன அதே காரணத்தைப் பிற்பாடு கட்டுரையில் என் கண்டுபிடிப்பாக எழுதினேன்.

போன சீசனில் வாப்பா படுக்கையில் விழுந்தார். ஒரு மத்தியானம் உம்மா போன் செய்து, இப்போது என்ன படிக்கிறாய் என்று விசாரித்தாள். அவள் கேட்கிற கேள்வியே இல்லை அது. வேலை கெட்ட எரிச்சலில், திரையில் இருந்ததை அப்படியே வாசித்தேன். இறைவா, இதை எழுதியவனை மன்னிப்பாயாக, படிப்பவனை மன்னிப்பாயாக, ஆமீன் சொல்பவனையும் மன்னிப்பாயாக. நிறையப் பாறைகளில் இதேதான், வசனம் இருந்தால்தான் எனக்கு உபயோகம் என்று சொல்லி போனை வைத்தேன். மூன்றாம் நாள் வாப்பா மௌத்தானார்.

இப்போது அப்படி ஒரு கல் திரையில் வந்தால் கை நின்றுவிடுகிறது. தொழுகையில் ஆமீன் சொல்லுமுன் வாப்பா தொண்டையைச் செருமுவார். வரி முடிகிற இடத்தில் என் முதுகுக்குப் பின்னால் அந்தச் செருமல் கேட்கிறது. அதோடு நின்றுவிடுகிறது, சொல் வருவதில்லை. திரும்பிப் பார்க்க பயமாக இருக்கிறது. இத்தனை வருடத்தில் எந்தக் கல்லுக்கும் நான் ஆமீன் சொன்னதில்லை. எனக்கு அது எழுத்து மட்டும்தான்.

நாற்பதாம் நாள் எல்லோரும் போன பிறகு உம்மாவிடம் இதைச் சொன்னேன். அன்றைக்கு என்னிடம் கேட்கச் சொன்னதே வாப்பாதான் என்றாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் பக்கத்தில் வைத்திருந்தாளாம்.

"படிக்கவன்னா யாருன்னு கேட்டாக. ஒங்க மவன்தான், வேற யாருன்னேன். கொஞ்ச நேரம் கண்ண மூடிக் கெடந்தாக. பொறவு ஆமீன்னாக."

அந்தச் சொல் எனக்கும் கேட்டிருக்கும். நான்தான் அதற்குள் போனை வைத்துவிட்டேன்.