ஆற்றில் பிடித்த பாரை

இன்று காலை தோப்பூர்ச் சந்தையில் மீன் விற்கும் நசீர் நானாவிடம் நின்றேன். தட்டில் ஒரு பெரிய பாரை மினுங்கியது.

"கடல் மீன்தானே, நானா?"

"கடல் மீன்தான். ஆனா ஆத்துல புடிச்சது," என்றார் பெருமையாக.

பக்கத்தில் நின்ற வேலாயுதம் அண்ணை திரும்பினார். ஆற்றுத் தண்ணீரை இறைத்து நெல் செய்கிறவர்.

"ஆத்தில எவடத்தில?"

"உங்கட மோட்டர் கிடக்கிற இடத்துக்கு நேர."

அண்ணையின் முகம் கறுத்துவிட்டது. "அவ்வளவு தூரம் உப்புத் தண்ணி ஏறிட்டுதா? நேத்து முழுக்க அதைத்தானே வயலுக்கு இறைச்சனான்! நெல்லெல்லாம் கருகிப் போயிடுமே!"

"மேல அணையில தண்ணி துறந்தா உப்பு இறங்கிரும்," என்று நானா தேற்றினார்.

"எங்க துறக்கிறது? மலைநாட்டில முந்தி மாதிரி மழை காலத்துக்குப் பெய்யுதா? அணையில கிடக்கிற மிச்சத்தைக் கரண்டுக்கெண்டு பிடிச்சு வச்சிருக்கிறாங்கள். அதுவும் முடிஞ்சா கரண்டும் இல்லை, ஆறும் இல்லை."

வாங்கக் கையிலெடுத்த பாரையை அண்ணை தட்டிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போன் எடுத்தார்.

"மோட்டரை நிப்பாட்டு. இப்பவே!"

அந்தப் பாரையை நான்தான் வாங்கி வந்தேன். குழம்பு நல்ல ருசி.

அடுத்த போகத்தில் அதை எதில் ஊற்றிச் சாப்பிடுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.