பூ வண்டி நின்ற ஓரம்

ஈரச்சாக்கு, டீசல் புகை, மல்லி மொட்டு... இந்த மூன்றும் கலந்து ஒரு வாடை வரும். என் இருபதுகளின் காலைகள் எல்லாம் அந்த வாடைதான்.

அப்போது சொந்தமாக ஒரு லோடு ஆட்டோ வைத்திருந்தேன். பனவடலிசத்திரம் பக்கத்துத் தோட்டங்களில் பூச்சாக்குகளை ஏற்றி, சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் கொண்டுவந்து இறக்குவேன். பின்னால் சாக்குகளோடு சாக்காக என் அண்ணன் மனைவி, மதினி, உட்கார்ந்து வருவார்.

அண்ணன் இறந்துபோன பிறகு மதினி ஒரு கிணற்றுத் தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்து மல்லி போட்டிருந்தார். மகள் படிப்பு, வீட்டுச் செலவு எல்லாம் அந்தப் பூவை நம்பித்தான்.

மல்லியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். விடியும்போது மொட்டாகப் பறிக்கணும். வெயில் ஏறுவதற்குள் ஏலத்துக்குப் போய்விடணும். பொழுது சாய்ந்தால் மொட்டு விரிந்துவிடும், விரிந்ததை யாரும் வாங்க மாட்டார்கள்.

மார்க்கெட் இருந்த தெரு ரொம்பக் குறுகல். காய்கறி, வாழைத்தார், சிமெண்ட் என்று எல்லா வண்டியும் அந்த ஒரே ஓரத்தில்தான் நின்று இறக்கணும். போர்டு கிடையாது, கோடு கிடையாது. ஆனால் ஒரு வழக்கம் இருந்தது. பூ வண்டி ஹாரன் அடித்தால் முன்னால் நிற்கிறவன் பாதி லோடோடு இருந்தாலும் நகர்ந்து இடம் விடணும். அஞ்சு நிமிஷம். இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கணும்.

ஒரு தடவை வெளியூர் சிமெண்ட் லாரி டிரைவர் ஒருத்தர் நகர மாட்டேன் என்று முறுக்கினார். வாழைக்காய் மண்டி அண்ணாச்சி கடைக்குள் இருந்தபடியே ஒரு சத்தம் போட்டார்.

"ஏலே, சிமெண்டு வாடுமாலே? பூ வாடும்லா! எடுலே வண்டிய!"

தெருவே சிரித்தது. அந்த டிரைவரும் சிரித்துக்கொண்டே ரிவர்ஸ் எடுத்தார். அவ்வளவுதான் எங்கள் டிராபிக் ரூல்!

பிறகு அதே தெருவில் மூன்று மாடியில் ஒரு ஜவுளிக்கடை வந்தது. கார்கள் வந்தன. நெரிசல் கூடியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ரூலே வேண்டாம் என்று சொல்லவும் நான் வரவில்லை.

ஒரு நாள் காலையில் தெருமுனையில் புதுசாக ஒரு போர்டு. காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை சரக்கு வாகனங்கள் உள்ளே வரக் கூடாதாம். பக்கத்திலேயே ஒரு போலீஸ்காரர், சின்னப் பையன். கையைக் காட்டி வண்டியை நிறுத்திவிட்டார்.

மதினி இறங்கி வந்தார். "ஏய்யா, உள்ள ஏலம் ஆரம்பிச்சிருப்பாவ. அஞ்சே நிமிசந்தான். இறக்கிட்டு ஓடிருதோம்."

"நான் என்னம்மா செய்ய? உத்தரவு. ராத்திரி எட்டு மணிக்கு மேல வந்து எம்புட்டு வேணும்னாலும் இறக்குங்க. யாரு வேண்டாம்னு சொல்லுதா?"

மதினி பூச்சாக்கைத் தட்டிக் காட்டினார். "ராத்திரி வரைக்கும் நீ விரியாம இருன்னு பூவுகிட்ட நான் சொல்லணுமாய்யா?"

அவர் தலையைச் சொறிந்தார். "அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா... போர்டுல அப்படித்தான் போட்டிருக்கு."

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த போர்டை எழுதச் சொன்னவர்கள் மேல் இன்றைக்கும் வயிறு எரிகிறது. தினமும் சாமி படத்துக்குப் பூ போடுகிற ஆட்கள்தானே அவர்களும்? அந்தப் பூவை எப்போது பறிக்கிறார்கள் என்று ஒரே ஒருத்தரிடம் கேட்டிருக்கக் கூடாதா?

மதினி ஒரு சாக்கைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தார். நான் இன்னொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போனேன். கார்களுக்கு நடுவில் ஒதுங்கி ஒதுங்கிப் போய்ச் சேருவதற்குள் ஏலம் முடிந்துவிட்டது. மிஞ்சின பூவெல்லாம் செண்டு காய்ச்சுகிற கம்பெனிக்குப் போகும், கிடைத்த விலைக்கு. எங்கள் பூவும் அதோடு போனது.

அப்புறம் எத்தனையோ காலைகள் அப்படியே... எட்டு மணிக்குள் கொண்டுவந்து சேர்க்கலாம் என்றால், அவ்வளவு சீக்கிரம் பறிக்க ஆள் கிடைக்கவில்லை. பயணிகள் ஆட்டோக்காரர்கள் சாக்கை ஏற்ற மாட்டோம் என்றார்கள். மனு கொடுத்தோம், வாங்கி வைத்துக்கொண்டார்கள். பெரிய தோட்டக்காரர்கள் ஆள் போட்டுச் சமாளித்தார்கள். மதினியால் முடியவில்லை.

ஆவணி மாதம் ஒரு நாள் தோட்டத்துக்குப் போனால், மதினி மண்வெட்டியோடு நிற்கிறார். பாதிச் செடி தூரோடு கிடக்கிறது. அழவில்லை. ஒவ்வொரு செடியையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வெட்டினார். எனக்குத்தான் அழுகை வந்தது.

"மக்காச்சோளம் போடப் போறேன் தம்பி. அத எந்நேரம் இறக்குனாலும் ஒண்ணும் ஆவாது" என்றார்.

நானும் லோடு ஆட்டோவை விற்றுவிட்டு டாக்ஸி ஓட்டப் போய்விட்டேன்.

போன மாதம் மதினி மகளுக்கு நிச்சயதார்த்தம். சேலை எடுக்க என் காரில் அந்த ஜவுளிக்கடைக்குப் போனோம். வாசலில் மஞ்சள் கோடு போட்டு கார் நிறுத்த இடம். செக்யூரிட்டி ஓடி வந்து சங்கிலியை அவிழ்த்து, விசில் ஊதி, எங்களை ஓரம் கட்டினார்.

"எம்புட்டு நேரம்ண்ணே நிக்கலாம்?" என்று மதினி கண்ணாடியை இறக்கிக் கேட்டார்.

"உங்க இஷ்டம்மா. நேரமெல்லாம் கெடையாது."

மதினி கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

"நீ பிள்ளையக் கூட்டிட்டுப் போயி எடுத்துட்டு வா தம்பி. நான் இங்கன இறங்கல."

மகள் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். அசையவில்லை.

நாங்கள் சேலை எடுத்து முடித்து, பில் போட்டு, வெளியே வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மதினி அப்படியே உட்கார்ந்திருந்தார். வண்டியை எடு என்று அதுவரைக்கும் ஒருத்தர்கூட வந்து சொல்லவில்லையாம்.