மில் கேட்டில் கட்டிய கைகள்

சகாயசெல்வியின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது. அதை அவள் முந்தானைக்குள் ஒளிப்பவள் அல்ல. கண்டக்டரிடம் சில்லறை நீட்டுவதும் அந்தக் கையால்தான், கோவிலில் சிலுவை போடுவதும் அந்தக் கையால்தான். யாராவது உற்றுப் பார்த்தால், "நல்லாப் பாத்துக்கங்க. நான் தொலைக்கல, மில்லு தின்னுருச்சு" என்பாள்.

எரியோட்டுப் பக்கம் செங்குளத்துப்பட்டியில் நூல் மில் வந்தபோது, பத்தாவது முடித்த கையோடு வேலைக்குப் போனவள் அவள். ஓடுகிற மிஷினை நிறுத்தாமலே பஞ்சுத் தூசியைத் துடைக்கச் சொல்வார்கள். நிறுத்தினால் உற்பத்தி குறையுமாம். பல்சக்கரத்துக்கு மூடியும் கிடையாது. தொண்ணூற்றைந்தில் ஒரு மழைநாளன்று துடைக்கிற துணியை இழுத்த சக்கரம் விரல்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டது.

திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்த சூப்பர்வைசர், "கவனமில்லாம இருந்துட்டியேம்மா" என்றார்.

"மூடியில்லாம இருந்தது மிஷினு. கவனமில்லாம இருந்தது நீங்க" என்றாள் சகாயசெல்வி. அம்மா வாயைப் பொத்த வந்தாள். பேச்சு மில்லுக்குப் போய்ச் சேர்ந்தது, வேலையும் போனது. வத்தலக்குண்டில் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டாரும் பின்வாங்கினார்கள். அம்மா அழுதாள். சகாயசெல்வி அழவில்லை. "ரெண்டு விரலுக்கே ஓடுறவன், நாளைக்கு ஒரு நோய் நொடின்னா நிப்பானா?" என்று கேட்டுவிட்டு உலை வைக்கப் போனாள்.

பக்கத்து வீட்டு நர்கீஸ் ஊல் நூலில் டிவி உறை பின்னி விற்பவள். ஒத்த வயதுக்காரி. "சும்மா உக்காந்து என்னத்தப் பாக்குற, புடி" என்று ஒருநாள் கொக்கி ஊசியை எறிந்தாள். சகாயசெல்வி இடது கையில் ஊசியைப் பிடித்து, வலது கையின் மிச்ச விரல்களில் நூலைச் சுற்றிப் பழகினாள். முதலில் பின்னிய உறை ஆட்டுக்குட்டிக்குப் போட்ட சட்டை போல இருந்தது. அதையும் டிவி மேலே போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்த்தாள். சில வருசத்தில் டிவிக்கும் போனுக்கும் ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்கும் உறை பின்னி, இருவரும் அந்த வட்டாரத்துக்கே பேர்போனவர்களானார்கள்.

இரண்டாயிரத்தெட்டில் பள்ளிக்கூட டிராயிங் வாத்தியார் ஸ்டான்லி ஒரு யோசனையோடு வந்தார். வெளிநாட்டில் மரத்துக்கும் விளக்குக் கம்பத்துக்கும் ஊலில் சட்டை பின்னிப் போடுகிறார்களாம்; பத்திரிகையில் படம் பார்த்திருக்கிறார். நம்ம ஊரிலும் தைப்பொங்கலுக்கு அப்படி ஒரு நூல் திருவிழா வைத்தால் என்ன? ஊர் முதலில் சிரித்தது. ஆனால் மில் நிர்வாகம் கோனில் மிஞ்சிய கழிவு நூலை மூட்டை மூட்டையாகக் கொடுக்க முன்வந்ததும் சிரிப்பு அடங்கி, தெருவுக்குத் தெரு பெண்கள் அதற்குச் சாயம் போட்டுப் பின்ன உட்கார்ந்தார்கள். அடிபம்புக்குப் பச்சைப் பாவாடை தயாரானது. பஸ் ஸ்டாப் தூண்களுக்கு மஞ்சளும் சிவப்பும்.

"அக்கா, நீங்க என்ன செய்யிறீங்க?" என்று கேட்டார் ஸ்டான்லி.

"மில்லு கேட்டுக்கு."

அவருக்குச் சந்தோசம். நூல் கொடுத்த நிர்வாகமும் மகிழும் என்று நினைத்தார். பொங்கலுக்கு முந்தின வாரம் வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் முகம் வெளுத்தது. கூடை நிறைய கைகள். சிவப்பு, நீலம், வெள்ளை என்று மில் நூலில் பின்னிப் பஞ்சடைத்த கைகள். ஒன்றில் இரண்டு விரல் இல்லை. ஒன்றில் கட்டைவிரல் இல்லை. ஒன்று மணிக்கட்டோடு நின்றுபோயிருந்தது.

"இதென்னக்கா?"

"ரெண்டு விரல் இல்லாதது என்னோட கை. கட்டைவிரல் இல்லாதது தட்டாரப்பட்டிப் பிள்ளையோடது. மணிக்கட்டோட நிக்கிறது மகேஸ்வரியோடது, போன வருசம் போனது. வீடு வீடாப் போயிக் கேட்டுத்தான் பின்னுனேன்."

"அவங்க குடுத்த நூலு அக்கா இது! திருவிழாவே நின்னுபோகும்."

"அவங்க மிஷின்ல போன விரலுக்கு அவங்க நூலுதான சரி?"

ஸ்டான்லி கெஞ்சிப் பார்த்தார். பிறகு, திருவிழாக் குழுவில் இனி அவள் பெயர் இருக்காது என்றார். "பேரு வேணாம், கேட்டு போதும்" என்றாள். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நர்கீஸ் வீட்டுக்குப் போய்த் தன் ஊசியை எடுத்து வந்து உட்கார்ந்தாள்.

திருவிழாவன்று காலை ஷிப்ட் மாறும் நேரத்துக்கு இருவரும் கூடையோடு மில்லுக்குப் போனார்கள். வாட்ச்மேன் பொம்மையன் தடியோடு எழுந்து வந்தார். முதலில் கட்டிய கையைப் பார்த்ததும் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டார். அவர் மகளும் உள்ளேதான் வேலை செய்தாள். கேட்டின் கம்பி ஒவ்வொன்றிலும் ஒரு கை தொங்கியது. ஷிப்ட் முடிந்து வெளியே வந்த பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். உள்ளே போக வேண்டியவர்களும் போகவில்லை. மகேஸ்வரி தன் அண்ணனோடு சைக்கிளில் வந்து இறங்கினாள். தன் கை எதுவென்று தேடி, அதைத் தானே பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேனேஜர் பெருமாள்சாமி ஒட்டன்சத்திரத்துக்காரர். கோபத்திலும் மரியாதை குறையாத மனிதர். "ஏனுங்கம்மா, நல்ல நாளும் அதுவுமா என்னங்க இது? அவுத்துப் போடுங்க."

"நீங்களே அவுத்துப் போடுங்க சார். ஒவ்வொண்ணா அவுத்துப் போடுங்க. யாரு கைன்னு நான் சொல்லிக்கிட்டே வாரேன்."

அவர் கை நீட்டவில்லை. பொம்மையனைப் பார்த்தார். பொம்மையன் செருப்பைப் பார்த்தார். கூட்டத்திலிருந்து, "மூடி போடுங்க சார், நாங்க அவுக்கிறோம்" என்று ஒரு சின்னக் குரல் வந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் யார் குரலென்று பிரிக்க முடியவில்லை. அடிபம்பின் பாவாடையைப் படமெடுக்கத் திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த பத்திரிகைக்காரரும் சத்தம் கேட்டு வந்து சேர்ந்தார்.

மறுநாள் கைகளை அறுத்து எறிந்துவிட்டார்கள். ஆனால் பத்திரிகையில் படம் வந்துவிட்டது. சித்திரை பிறப்பதற்குள் மிஷின்களுக்குத் தகர மூடி வந்தது; நிர்வாகத்தின் அக்கறை என்று கேட்டில் ஒரு போர்டும் வந்தது. ஸ்டான்லி கொதித்துப்போய் வந்தார். "உங்க பேரு எங்கக்கா?" என்றார். சகாயசெல்வி சிரித்தாள். "போர்ட அவங்க வச்சுக்கட்டும். விரலு பிள்ளைகள்ட்ட இருக்கட்டும்." துடைக்கும்போது மிஷினை நிறுத்த மட்டும் இன்னும் விடவில்லை என்று உள்ளே இருந்து சேதி வந்தபோது அவள் சிரிக்கவில்லை.

அடுத்த வருசம் மில் நூல் தரவில்லை. கேட்டுக்கும் இரண்டு காவல் போட்டது. ஊர்ப் பெண்கள் பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்து நூலெடுத்தார்கள். சகாயசெல்வி கேட்டுப் பக்கம் போகவே இல்லை. எதிரே ரோட்டோரம் நின்ற வேம்பில், ஷிப்டுக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளை கண்ணிலும் படுகிற உயரத்தில் புதிதாய்ப் பின்னிய கைகளைக் கட்டினாள். காவலர்கள் ஓடி வந்தார்கள்.

"மரம் யாரோடது?" என்று கேட்டாள்.

"சர்க்காரோடது."

"அப்பச் சர்க்காரு வந்து அவுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கையை எடுத்துக் கொடுக்கும்படி நர்கீஸிடம் வலது கையை நீட்டினாள்.